ஜன்னல் ஓரத்தில் நாலு கோடு

கழிவறை இருக்கையின் மேல் ஏறி நின்று, கையைக் கூரை வரைக்கும் நீட்டியபோதுதான் நிவாவின் போனில் ஒரு சிக்னல் கோடு தெரிந்தது. ஒரே ஒரு கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் அங்குலம் எட்டினார். முழங்கால் பக்கத்துச் சுவரிலிருந்த பொத்தானில் பட்டது. இந்தக் காலத்துக் கழிவறைகள் உட்கார்ந்திருப்பவர், நின்றிருப்பவர் என்று பேதம் பார்ப்பதில்லை. கீழேயிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் பீறிட்டு அவருடைய கால்சட்டையை நனைத்தது. கோடும் போய்விட்டது.

வெளியே வந்தால் நிர்வாகப் பிரிவு முரோயி அம்மாள் நிற்கிறார். ஈரத்தைப் பார்த்தார். உடனே எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க, நிவா-சான்."

"இல்ல, இது வெறும் தண்ணிதான்..."

"தண்ணிதான், தண்ணிதான். வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

நிவாவுக்கு வயது நாற்பத்தேழு. ஒசாகாவில் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு மூடி செய்யும் கம்பெனியில் விற்பனை இரண்டாம் பிரிவுக்குத் தலைவர். பெட்டியை வேறு யாரோ செய்கிறார்கள். இவர்கள் மூடி மட்டும். இருபத்துநாலு வருஷம் உழைத்து வந்த பதவி. அது இப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது. முதலாம் பிரிவையும் இரண்டாம் பிரிவையும் ஒன்றாக்கப் போகிறார்கள். பிரிவு ஒன்றானால் தலைவரும் ஒருவர்தான். அது நிவாவா, முதலாம் பிரிவின் யுராவா என்று வெள்ளிக்கிழமை முதலாளி சகிசாகா நேரில் வந்து அறிவிப்பார்.

அதற்குள் ஒகினோ அம்மாளின் போன் வந்துவிட்டால் நிவா பிழைத்தார். நாற்பது கடை வைத்திருக்கும் பெட்டிச் சாப்பாட்டு நிறுவனத்துக்குக் கொள்முதல் செய்கிறவர் அந்த அம்மாள். மூன்று வருஷம் அவர் வாசலில் நின்று, வளைந்து வணங்கி, விதவிதமான மூடிகளைத் திறந்து மூடிக் காட்டி, 'கோடைக்குப் புதுப் பெட்டி, ஆறு லட்சம் மூடி' என்கிற இடம் வரைக்கும் நிவா பேச்சைக் கொண்டுவந்திருந்தார். போன வாரம் அந்த அம்மாள் சொன்னார்:

"அடுத்த வாரத்துல என்னிக்காவது கூப்பிடுவேன். ஒரு தடவைதான் கூப்பிடுவேன். மெயில் கியில் எல்லாம் எனக்கு ஒத்துவராது. வியாபாரத்துல அக்கறை இருக்கறவன் போனை எடுப்பான். எடுக்கலேன்னா அடுத்த கம்பெனி நம்பர் என்கிட்ட இருக்கு."

அக்கறைக்கு நிவாவிடம் குறைவில்லை. குறை கட்டடத்தில் இருந்தது. ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டடம். கஜானாதான் இப்போது கூட்ட அறை. சுவர் ஒவ்வொன்றும் இரண்டு முழ அகலம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சகிசாகா இதை ஆசைஆசையாக வாங்கினார். வாங்கிய கையோடு, புதுக் காலத்துக்கு ஏற்ப நடப்போம் என்று மேசைப் போன்களை எல்லாம் எடுத்துவிட்டு ஆளுக்கொரு கைப்போன் கொடுத்தார். புத்தாண்டு உரையில் ஒவ்வொரு தடவையும் சுவரை உள்ளங்கையால் தட்டிக் காட்டுவார். "எந்த பூகம்பம் வந்தாலும் அசையாது! உள்ள உக்காந்தா என்ன நிம்மதி பாருங்க, எனக்கு இங்க ஒரு போன்கூட வர்றதில்ல!" எல்லாரும் கை தட்டுவார்கள். அந்தச் சுவரைக் குறை சொல்வது முதலாளியைக் குறை சொல்வது. பன்னிரண்டு வருஷமாக ஒருவரும் சொன்னதில்லை.

சொல்லாமல் சமாளிக்க வழி இருந்தது. அந்தக் கம்பெனியில் புகை பிடிப்பவர்கள் நாலு பேர். புகை பிடிக்க வெளியே போகிறவர்கள் இருபது பேர். மீதிப் பதினாறு பேரும் வாசலில், பற்றவைக்காத சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, போன் பேசிவிட்டு வருவார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. அப்படி ஒரு பண்பாடு.

செவ்வாய்க்கிழமை நிவாவும் ஒரு சிகரெட்டோடு கிளம்பினார். ஒரு தடவைதான் கூப்பிடுவேன் என்று சொன்னவர் எப்போது கூப்பிடுவார் என்று யார் கண்டது? பதினைந்தாவது தடவை கிளம்பும்போது முரோயி அம்மாள் வாசலை மறித்தார்.

"பதினாலு தடவை, நிவா-சான். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அது வந்து..."

"நேத்து அந்த ஈரம். இன்னிக்கு இந்தப் புகை. உடம்பு உங்ககிட்ட கத்திக் கத்திச் சொல்லுது. உங்களுக்குத்தான் கேக்கல."

அன்றே அவரைப் புகை மறக்கும் திட்டத்தில் சேர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரை வேலை நேரத்தில் வாசல் தாண்டக்கூடாது. தினம் மூன்று வேளை நிகோடின் கலந்த மருந்துப் பசை மெல்ல வேண்டும், அதுவும் அவர் கண் முன்னால்.

நிவா ஜென்மத்தில் புகைத்ததில்லை. அதைச் சொன்னால், பின்னே எதற்காக வாசலில் நின்றீர்கள் என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சுவரில் போய் முட்டும். ஆகவே தலைகுனிந்து பசையை வாங்கி மென்றார். பழக்கமில்லாத உடம்பு, சாயங்காலம் வரை விக்கல் நிற்கவில்லை. "பாருங்க, நஞ்சு வெளிய வருது," என்று முரோயி அம்மாள் மகிழ்ந்தார்.

புதன்கிழமை காலை, விக்கலுக்குத் தண்ணீர் எடுக்க அறையின் மேற்குக் கோடிக்குப் போனபோது நிவாவின் சட்டைப்பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். நாலு கோடு! முழுசாக நாலு கோடு!

நிமிர்ந்தால், குசகாபேயின் ஜன்னல்.

எவனையும் வேலையை விட்டுத் துரத்துகிற வழக்கம் இந்தக் கம்பெனியில் இல்லை. இந்த ஊர்ப் பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் இல்லை. ஒருவர் வேண்டாம் என்றால் மேசையை ஜன்னலோரம் போட்டுவிடுவார்கள். அங்கே வேலை வராது, கூட்டத்துக்கு அழைப்பு வராது. சம்பளமும் வெயிலும் மட்டும் தவறாமல் வரும். குசகாபே ஒரு காலத்தில் விற்பனை முழுவதையும் கட்டி ஆண்டவர். ஏன் ஒதுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலாளியின் மருமகனைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டார் என்பார்கள். பெரிய நஷ்டம் ஒன்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நாலு பேரைக் காப்பாற்றினார் என்பார்கள். அவரிடம் கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை.

நிவாவுக்கு அவர்மேல் தனி மதிப்பு. காலை எட்டு ஐம்பதுக்கு வந்துவிடுவார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. செய்வதற்கு ஒன்றுமில்லாத மேசையைத் துடைத்து, எழுதுவதற்கு ஒன்றுமில்லாத பென்சில்களைச் சீவி வைத்து, முதுகை நிமிர்த்தி உட்காருவார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது, யார்மேலும் ஒரு குறை கிடையாது. இப்படி உட்கார எனக்கு ஒருநாளும் வராது என்று நிவா பல தடவை நினைத்திருக்கிறார்.

எத்தனை நேரம்தான் தண்ணீர் குடிப்பது? பத்து நிமிஷத்தில் ஐந்து கோப்பை குடித்துப் பார்த்த பிறகு, நிவா நேராக மேலாளர் தொகாஷியிடம் போனார்.

"ஒரு சின்ன உதவி, சார். என் மேசைய ரெண்டு மூணு நாளைக்கு ஜன்னல் பக்கம் போட்டுக்கட்டுமா?"

தொகாஷியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது.

"ஜன்னல் பக்கமா? நீயா கேக்கறியா?"

"ஆமா சார். கொஞ்சம்... வெளிச்சம் நல்லா இருக்கும்."

தொகாஷி கோப்பையை வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"யுராவுக்கு இரட்டைக் குழந்தை பொறந்து ரெண்டு மாசம் ஆகுது. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார். ரொம்ப அழகு."

"தெரிஞ்சுதான் கேக்கறே," என்றார் தொகாஷி. "யார ஜன்னலுக்கு அனுப்பறதுன்னு மூணு வாரமா எனக்குத் தூக்கமில்லப்பா. நீயா வந்து... போ, போ. நான் அழுதுடுவேன்."

நிவாவுக்கு ஏதோ பிசகிவிட்டது என்று புரிந்தது. என்ன பிசகியது என்று புரிவதற்குள் நாலு பேர் வந்து மேசையைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியவர்கள் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாங்கித் தாங்கி, மெள்ள நடந்து, குசகாபேக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

குசகாபே தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டே நாள்தான், குசகாபே-சான். தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

"ரெண்டு நாளா," என்றார் குசகாபே. நிவாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

மத்தியானம் யுரா வந்தான். முப்பத்தெட்டு வயசு, கண்ணின் கீழே கருவளையம், தோளில் குழந்தை கக்கிய பால். இடுப்பு வளைய வணங்கினான். வணங்கியவன் நிமிரவே இல்லை.

"யுரா-குன், எழுந்திருப்பா! நீ நினைக்கற மாதிரி ஒண்ணும் இல்ல."

"பேசாதீங்க நிவா-சான். நீங்க பேசினா எனக்குத் தாங்காது."

"அட, நான் இங்க வந்தது போனுக்காக! ஒகினோ அம்மா கூப்பிடுவாங்க. உள்ள சிக்னல் கிடைக்கல, அவ்வளவுதான்!"

யுரா நிமிர்ந்தான். கண்ணில் தண்ணீர் ததும்பியது.

"எனக்கு பாரமா இருக்கக்கூடாதுன்னு இப்படி ஒரு காரணம் கண்டுபிடிச்சிருக்கீங்க. இந்தக் கட்டடத்துல சிக்னலுக்கு என்ன குறை?" என்றான். சொல்லிவிட்டுப் பற்றவைக்காத சிகரெட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் பேச வாசலுக்குப் போனான்.

இதை இப்படியே விடக்கூடாது என்று நிவா மறுபடி தொகாஷியிடம் ஓடினார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பன்னிரண்டு வருஷமாக யாரும் சொல்லாததைச் சொன்னார்.

"சார், இந்தக் கட்டடத்துல சுத்தமா சிக்னல் வர்றதில்ல. சுவர் ரொம்ப தடிமன். அதுக்காகத்தான் ஜன்னலுக்குப் போனேன். வேற ஒரு காரணமும் இல்ல."

தொகாஷி எழுந்து நின்றுவிட்டார்.

"முதலாளி கட்டடத்தையா சொல்றே?"

"ஆமா சார்."

"நிவா," என்றார், மிக மெதுவாக. "எனக்குப் புரியுது. ஒரு தப்பும் செய்யாதவன எப்படி ஒதுக்கறதுன்னு எங்களுக்கு உறுத்தும். அந்த உறுத்தல்கூட இருக்கக்கூடாதுன்னு, ஒரு தப்பையும் நீயே செஞ்சு குடுத்துட்டுப் போறே. இப்படி ஒரு மனுஷன நான் பாத்ததே இல்ல."

மேசையைச் சுற்றி வந்து நிவாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நல்ல மனிதர்! அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போடலாம். இத்தனை நல்லவர்கள் ஒன்றுசேர்ந்து கண்கலங்கினால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

வியாழக்கிழமை போன் அடிக்க ஆரம்பித்தது. ஜன்னலோரமாயிற்றே, மணி கணீரென்று கேட்டது. முதல் அழைப்பு நகோயா கிளையிலிருந்து.

"நிவா-சான், செய்தி கேள்விப்பட்டேன். இந்தக் காலத்துலயும் இப்படி ஒருத்தரா!"

"நன்றி, வச்சுடுங்க, எனக்கு ஒரு முக்கியமான..."

"உங்க அடக்கம் இருக்கே, அதத்தான் எல்லாரும் சொல்றாங்க."

அதை வைத்தால் ஹிரோஷிமா கிளை. அதை வைத்தால் தொழிற்சாலை. பன்னிரண்டு வருஷமாக அவரைப் போனில் பிடிக்க முடியாதவர்களெல்லாம் இப்போது பிடித்து வாயாரப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியின்போதும், இந்த நிமிஷத்தில் ஒகினோ அம்மாள் கூப்பிட்டு 'உபயோகத்தில் உள்ளது' என்று கேட்டுக்கொண்டிருப்பாரோ என்று நிவாவுக்கு வேர்த்தது. பத்தாவதாக மனைவி சவாகோ கூப்பிட்டாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? தொகாஷி-சான் வீட்டுலருந்து முலாம்பழம் வந்திருக்கு."

"முலாம்பழமா?"

"மரப்பெட்டியில. பட்டுத் துணி சுத்தி. நம்ம கல்யாணத்துக்கே யாரும் இப்படிக் குடுக்கல. உங்களுக்கு ஏதாவது வியாதியா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"வியாதி ஒண்ணும் இல்ல. ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கேன்."

சவாகோ சொன்னாள்: "யுரா-சான் மனைவி கூப்பிட்டு அழுதா. அப்போ எனக்கு ஒண்ணும் விளங்கல. இப்போ விளங்குது. இருபது வருஷமா உங்கள ஒரு சாதாரண ஆள்னு நினைச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

நிவா வாயைத் திறந்தார். இருபது வருஷத்தில் மனைவி அவரிடம் இந்தக் குரலில் பேசியதில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவருக்கு மிகவும் இனிப்பாக இருந்தது. "பழத்த வெட்டிடாதே, நான் வந்துடறேன்," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி சகிசாகா வந்தார். எழுபத்தாறு வயசு, வாமனர். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜன்னலைப் பார்த்து நின்றார்கள் என்பதைக் கவனித்த நிவா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் போன் வரவில்லை.

"இந்தக் கம்பெனியோட சுவர் கல்லால ஆனதுன்னு நான் அடிக்கடி சொல்வேன்," என்று சகிசாகா தொடங்கினார். "இன்னிக்குச் சொல்றேன், கல்லால இல்ல. நிவா மாதிரி ஆளுங்களால ஆனது. தம்பி மாதிரி ஒருத்தனுக்கு வழி விட்டுட்டு..."

போன் அடித்தது.

ஒகினோ அம்மாள்!

முதலாளி பேசும்போது போன் எடுப்பதாவது! இருபத்துநாலு வருஷத்தில் நிவா முதலாளி முன்னால் தும்மியதுகூட இல்லை. ஆனால் மூன்று வருஷ உழைப்பு கையில் கிடந்து நடுங்கியது. சட்டென்று எல்லாருக்கும் முதுகைக் காட்டி, மேசைக்கடியில் குந்தி, போனைக் காதில் வைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"எடுத்துட்டீங்களே!" என்றார் ஒகினோ அம்மாள்.

"எடுத்தேன்! எடுத்தேன்!" என்று நிவா கிசுகிசுத்தார்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருபது பேர் பார்த்தது வேறு. ஒரு மனிதர் முதலாளியின் பாராட்டைத் தாங்க முடியாமல் ஒடிந்து விழுகிறார், முகத்தை மூடிக்கொள்கிறார், தோள்கள் குலுங்குகின்றன. அழுகிறவரைப் பார்ப்பது மரியாதை இல்லை. இருபது பேரும் ஒரே சமயத்தில் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். முரோயி அம்மாள் விசும்பினார். சகிசாகா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அழட்டும், விடுங்க," என்றார்.

"கோடைப் பெட்டி ஆறு லட்சம், இலையுதிர் காலத்துக்கு இன்னும் ரெண்டு லட்சம்," என்றார் ஒகினோ அம்மாள். "என்ன தெளிவா கேக்குது! மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் கிணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி இருக்கும். நீங்க நல்ல இடத்துலதான் இருக்கீங்க."

நிவா துள்ளி எழுந்தார். "எட்டு லட்சம்!" என்று கத்தினார். "ஒகினோ-சான் எட்டு லட்சம் மூடி குடுத்துட்டாங்க!"

அறையே அதிர்ந்தது. கை தட்டினார்கள், வணங்கினார்கள், யுரா ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டான். இப்போதாவது எல்லாம் நேராகிவிடும் என்று நிவாவின் நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை பெரிய ஆர்டரைக் கொண்டுவந்தவனை எவன் ஒதுக்குவான்?

சகிசாகா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போகும்போதுகூடப் பாருங்க, எப்படிப் போறான்னு! புதுப் பிரிவுக்குத் தலைவரா வர்ற யுராவுக்கு முதல் ஆர்டரையும் கையில குடுத்துட்டுப் போறான்!"

இப்போது சொல்லிவிட வேண்டும். நிவா மூச்சை இழுத்தார். எதிரே யுரா நின்றான். தோளில் பால் கறை, முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. இரண்டு மாதமாகத் தூங்காதவன் இன்று தூங்கப்போகிறவன் போல இருந்தான். நிவாவால் முடியவில்லை. மனம் வந்தது, வாய் வரவில்லை. இழுத்த மூச்சை விட்டுவிட்டு, எல்லாரையும் போலத் தானும் கை தட்டினார். தன் பதவிக்குத் தானே கை தட்டி விடைகொடுப்பது வலித்தது. அதோடு, எங்கிருந்தோ கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்தது. முதலாளி போனார், மற்றவர்கள் தங்கள் மேசைகளுக்குத் திரும்பினார்கள். நிவா ஜன்னலோர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வெளியே ஆற்றில் ஒரு படகு போயிற்று. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பக்கத்து மேசையிலிருந்து குசகாபே எழுந்து வந்து, சீவிய பென்சில் ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

"லைன் அறுந்து போகாம பேசி முடிச்சீங்களா, நிவா-சான்?"

"முடிச்சேன். ரொம்பத் தெளிவா கேட்டுது."

"இங்க தெளிவாத்தான் கேக்கும்," என்றார் குசகாபே. "நானும் ஒரே ஒரு போன் பேசறதுக்குத்தான் மேசைய இங்க போடச் சொன்னேன். பதினோரு வருஷமாச்சு."